ரன் என்றால் ஓடு மட்டும்தானா?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரம். என் இமெயில் பெட்டியில் ஒரு கடிதம் வந்திருந்தது. அனுப்பியவர் எனக்கு எட்டாம் வகுப்பில் ஆங்கிலம் நடத்திய ஆசிரியர். "மருத்துவமனையில் இருக்கிறேன். அவசரமாகப் பணம் தேவை. போனில் பேச முடியாத நிலை. கீழே உள்ள கணக்கிற்கு அனுப்பவும்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. பதறிப்போய் அவர் வீட்டிற்குப் போன் செய்தேன். அவரே எடுத்தார்.

"சார், எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியா? வீட்டுல காபி குடிச்சுக்கிட்டு இருக்கேன்டா. ஏன், என்ன விஷயம்?"

அடுத்த அரை மணி நேரத்தில் அவர் வீட்டில் இருந்தேன். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆனவர். பேரன் வாங்கித் தந்த லேப்டாப் அவர் வீட்டிற்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "இன்னிக்குப் புதுசா ஏதாவது செஞ்சீங்களா சார்?" என்று கேட்டேன். பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றை இண்டர்நெட்டில் தேடியதாகச் சொன்னார். ஒரு தளத்தில் டவுன்லோட் பட்டனை அழுத்தியதும், "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" எனக் கேட்டதாம். அதற்கு மூன்று படிகள் கொடுத்திருந்தார்களாம். முதலில் விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்து. அடுத்துக் கண்ட்ரோல் கீயுடன் வி கீயை அழுத்து. பின்னர் என்டர் தட்டு.

"செஞ்சேன். ஒண்ணுமே ஆகலை. புத்தகமும் வரலை. சரின்னு விட்டுட்டேன்."

நான் அதே விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் அழுத்தினேன். திரையின் இடது மூலையில் சின்னப் பெட்டி ஒன்று எழுந்தது. அதன் தலையில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்: ரன்.

ஆசிரியர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அதைப் பார்த்தார். "நாற்பது வருஷம் இந்த வார்த்தையைப் பாடம் நடத்தினேன். இதுக்கு இங்க என்னடா அர்த்தம்?" என்று கேட்டார். அவருக்கு அன்று சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் இது.

மூன்றெழுத்து, 645 பொருள்

வகுப்பில் அவர் இந்தச் சொல்லை நடத்திய விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பையன் ஓடினால் ரன். ஆறு ஓடினாலும் ரன். மூக்கு ஒழுகினாலும் அதே ரன். கடை நடத்துவதும், தேர்தலில் நிற்பதும், துவைக்கும்போது துணியில் சாயம் போவதும் ரன். கிரிக்கெட்டில் எடுப்பதும் ரன்தான். "இந்தச் சொல்லைத் தனியா மனப்பாடம் பண்ணாதீங்கடா. பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு பார்த்துப் பொருள் சொல்லுங்க" என்பார்.

அவர் சொன்னதற்கு ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே சாட்சி. 1989-ல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல்லாக இருந்தது "செட்". அதற்கு 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. அகராதியைத் திருத்தி எழுதும் பணியில் "ரன்" என்ற சொல்லை எடுத்துக்கொண்டவர் பீட்டர் கில்லிவர். இந்த ஒரு சொல்லுக்காக அவர் ஒன்பது மாதங்கள் செலவிட்டார். வேலை முடிந்து 2011-ல் செய்தி வெளிவந்தபோது, வினைச்சொல்லாக மட்டும் ரன் என்பதற்கு 645 பொருள்கள் இருந்தன. "செட்" பின்தங்கிவிட்டது. எந்திரங்களும் கம்ப்யூட்டர்களும் நம் வாழ்க்கையில் நிறைந்துவிட்டது இதற்கு ஒரு முக்கியக் காரணம். எந்திரம் ஓடினாலும் ரன், புரோகிராம் ஓடினாலும் ரன் அல்லவா?

உங்கள் திரையில் எத்தனை ரன்?

இனி நம் கம்ப்யூட்டருக்கு வருவோம். 645 பொருளும் நமக்கு வேண்டாம். திரையில் அடிக்கடி சந்திக்கும் ரன்களை மட்டும் பார்க்கலாம்.

1. ஓடிக்கொண்டிருக்கிறது: கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் விண்டோ கிடைக்கும். அங்கே ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். அவை எல்லாம் இந்த நிமிடம் உங்கள் கம்ப்யூட்டரில் ரன் ஆகிக்கொண்டிருப்பவை. ஹார்ட் டிஸ்க்கில் அல்லது எஸ்.எஸ்.டி.யில் தூங்கிக்கொண்டிருக்கும் புரோகிராம், மெமரிக்கு வந்து பிராசஸரிடம் வேலை வாங்கத் தொடங்கினால் அது ரன் ஆகிறது என்கிறோம். நீங்கள் திறந்திருப்பது இரண்டு விண்டோக்களாக இருக்கலாம். ஆனால் பட்டியலில் நூற்றுக்கு மேல் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: விண்டோ எதையும் காட்டாமலேயே ஒரு புரோகிராம் ஓட முடியும்.

2. தீர்ந்துகொண்டிருக்கிறது: எக்ஸ்பி காலத்தில் டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் ஒரு பலூன் எழும். சி டிரைவில் இடம் "ரன்னிங் அவுட்" என்று சொல்லும். புதிதாக வந்தவர்கள் ஏதோ வெளியே ஓடுகிறது என்று பயந்ததுண்டு. இங்கே ரன் அவுட் என்றால் தீர்ந்துபோவது. வீட்டில் அரிசி தீர்வது போலத்தான். இதற்குத் தேவையற்ற பைல்களை நீக்கினால் போதும்.

3. ஓடும்போது வந்த பிழை: "ரன்-டைம் எர்ரர்" என்று ஒரு செய்தி வரும். புரோகிராமைத் தொடங்க முடிந்தது, ஆனால் ஓடும் வழியில் எங்கோ தடுக்கி விழுந்துவிட்டது என்பது இதன் பொருள். உங்கள் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் குறை அந்தப் புரோகிராமில் இருக்கும்.

4. தானாக ஓடுவது: "ஆட்டோரன்" என்ற வசதி விண்டோஸ் 95-ல் வந்தது. சிடியைப் போட்டவுடன் அதில் உள்ள புரோகிராம் தானே ஓடத் தொடங்கும். வசதியாகத்தான் இருந்தது. பென் டிரைவ் வந்த பிறகு இதையே வைரஸ்கள் பயன்படுத்திக்கொண்டன. 2008-ல் பரவிய கான்பிக்கர் இந்த வழியிலும் பரவியது. எனவே 2009-ல் வெளியான விண்டோஸ் 7-ல் பென் டிரைவ்களுக்கு இந்த வசதி நிறுத்தப்பட்டது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் விஸ்டாவிற்கும் அதே மாற்றம் அப்டேட் மூலம் தரப்பட்டது.

5. அதிகாரத்துடன் ஓட்டுவது: ஒரு புரோகிராமின் ஐகானில் ரைட் கிளிக் செய்தால் "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று ஒரு வரி தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் சிஸ்டத்தையே மாற்றும் அதிகாரத்தை அந்தப் புரோகிராமிற்கு நீங்கள் தருகிறீர்கள். காரணம் தெரியாமல் இதைத் தொடாதீர்கள்.

6. எச்சரித்தும் ஓட்டுவது: டவுன்லோட் செய்த ஒரு புரோகிராமைத் திறக்கும்போது சில நேரம் நீல நிறக் கட்டம் வந்து வழி மறிக்கும். அதில் "டோன்ட் ரன்" என்ற பட்டன் இருக்கும். கூடுதல் தகவலைக் கிளிக் செய்தால் "ரன் எனிவே" என்ற பட்டனும் வரும். "எதற்கும் பார்த்துவிடலாம்" என்று இரண்டாவதை அழுத்துகிறவர்கள் அதிகம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத புரோகிராம் என்றால் முதல் பட்டன்தான் உங்களுக்கானது.

இயங்கு வேறு, இயக்கு வேறு

இங்கே நம் தமிழ் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. மாடு ஓடுகிறது என்போம். மாட்டை ஓட்டுகிறான் என்போம். தானாக நடப்பது ஓடு. ஒருவர் நடக்க வைப்பது ஓட்டு. இதே போல இயங்கு, இயக்கு. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தது இதைத்தான்.

ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே ரன்தான். புரோகிராம் ஓடுகிறது என்பதற்கும் ரன். நீங்கள் புரோகிராமை ஓட்டுகிறீர்கள் என்பதற்கும் ரன். மேலே பார்த்த பட்டியலில் முதல் நான்கும் தானாக நடப்பவை. ஐந்தாவதும் ஆறாவதும் நீங்கள் செய்பவை. பொறுப்பும் உங்களுடையது.

ஆசிரியர் வீட்டில் எழுந்த அந்தச் சின்னப் பெட்டி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதற்குத் தமிழில் பெயர் வைத்தால் "இயக்கு" என்றுதான் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியில் எழுதி என்டர் தட்டினால், "இந்த கம்ப்யூட்டரின் உரிமையாளனாகிய நான் கட்டளை இடுகிறேன், இதை ஓட்டு" என்று சொல்வதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உங்களுக்குத் திறக்க அனுமதி உள்ள பைல்களை எல்லாம் அந்தப் புரோகிராமும் திறக்கலாம்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. பெட்டியின் தலைப்பு ரன். ஆனால் எழுதும் கட்டத்தின் அருகில் இருப்பது "ஓபன்" என்ற சொல். புரோகிராம், போல்டர், டாகுமெண்ட் எதன் பெயரைத் தந்தாலும் விண்டோஸ் திறந்து தரும் என்று மேலே ஒரு குறிப்பும் இருக்கும். திறப்பது என்றால் நமக்குப் புத்தகத்தைத் திறப்பது போல ஆபத்தில்லாத செயல். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. போட்டோவைத் திறந்தால் பார்க்கிறோம். புரோகிராமைத் திறந்தால் இயக்குகிறோம். சொல் ஒன்று, விளைவு இரண்டு.

2000-ம் ஆண்டு மே மாதம் உலகைக் கலக்கிய "ஐ லவ் யூ" வைரஸ் இந்தக் குழப்பத்தை நம்பித்தான் வந்தது. இமெயிலுடன் வந்த பைலின் பெயர் டி.எக்ஸ்.டி. என்று முடிவது போலத் தோன்றியது. ஏதோ காதல் கடிதம் என்று பலர் திறந்தார்கள். அதற்குப் பின்னால் வி.பி.எஸ். என்ற உண்மையான முடிவு மறைந்திருந்தது. அது படிக்கும் பைல் இல்லை, ஓடும் பைல். விண்டோஸ் இன்றும் இந்தக் கடைசி எழுத்துகளைக் காட்டாமல்தான் நமக்கு வருகிறது. விண்டோஸ் 11-ல் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ என்பதைத் தேர்ந்தெடுத்து, "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்திடுங்கள். இனி எது கடிதம், எது புரோகிராம் என்று பெயரிலேயே தெரிந்துகொள்ளலாம்.

பெட்டி கெட்டதல்ல

இவ்வளவு படித்த பிறகு அந்தப் பெட்டியைக் கண்டு பயப்பட வேண்டாம். விண்டோஸ் 95 முதல் இது ஸ்டார்ட் மெனுவில் இருந்து வந்தது. விஸ்டாவில் மெனுவின் கண்ணில் படும் இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் அழுத்தினால் இன்றும் வரும். ஒருமுறை நீங்களே முயன்று பாருங்கள்.

பெட்டியில் சி-ஏ-எல்-சி என்ற நான்கு எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கால்குலேட்டர் வரும். நோட்பேட் என்பதை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்தால் நோட்பேட் திறக்கும். டபிள்யூ-ஐ-என்-வி-இ-ஆர் என்று டைப் செய்தால், உங்களிடம் இருப்பது எந்த விண்டோஸ் என்று ஒரு சிறு விண்டோ சொல்லும். மெனுக்களில் தேடி அலைய வேண்டியதில்லை. என்ன எழுதுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும்வரை இது நல்ல வேலைக்காரன்.

ஆசிரியரின் பெட்டியில் இருந்தது என்ன?

ரன் பெட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசியாகத் தந்த கட்டளையை அது நினைவில் வைத்திருக்கும். அன்று அது எழுந்தபோது, "நான் ரோபோ இல்லை" என்ற பொருள் தரும் ஆங்கில வாக்கியம் கட்டத்திற்குள் தெரிந்தது. பார்க்க அப்பாவியான வரி. அம்புக் குறி கீயை இடது பக்கம் அழுத்திக்கொண்டே போனேன். வாக்கியத்திற்கு முன்னால் நீளமான கட்டளை ஒன்று ஒளிந்திருந்தது. அது "பவர்ஷெல்" என்ற சொல்லில் தொடங்கியது. விண்டோஸில் உள்ள சக்தி வாய்ந்த கருவி அது. எங்கோ உள்ள ஒரு தளத்திலிருந்து புரோகிராமைக் கொண்டு வந்து, விண்டோ எதையும் காட்டாமல் ஓட்டு என்பதுதான் அந்தக் கட்டளை. பெட்டி சிறியது என்பதால் வரியின் வால் மட்டுமே கண்ணில் பட்டது.

"நான் எதையும் காப்பி பண்ணலையேடா?" என்றார் ஆசிரியர். உண்மைதான். அந்தத் தளத்தில் பட்டனைக் கிளிக் செய்தபோதே தளம் அந்த வரியை அவருடைய கிளிப்போர்டில் வைத்துவிட்டது. அவர் செய்தது ஒட்டியது மட்டும். "கிளிக்ஃபிக்ஸ்" என்று பாதுகாப்பு வல்லுநர்கள் அழைக்கும் இந்த ஏமாற்று வேலை 2024 முதல் பரவலாக நடந்து வருகிறது. ஆன்டிவைரஸ் எப்போதும் தடுத்துவிடும் என்று நம்ப முடியாது. ஏனென்றால் இங்கே திருடன் பூட்டை உடைக்கவில்லை. வீட்டுக்காரரையே திறக்கச் சொல்லிவிட்டான்.

இப்படி வந்த புரோகிராம், பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்ட்களையும், ஏற்கனவே லாகின் ஆகியிருந்த தளங்களின் அடையாளங்களையும் அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். அவருடைய மெயில் கணக்கில் வேறு யாரோ நுழைந்து, முகவரிப் பட்டியலில் இருந்த பழைய மாணவர்களுக்கெல்லாம் அந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டார்கள்.

தெரியாமல் செய்துவிட்டால்

அன்று நாங்கள் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன். வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இண்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். வை-பையை நிறுத்துங்கள் அல்லது கேபிளைப் பிடுங்குங்கள்.

அடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் அல்லது போனில் இருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரில் மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் போய்விடும். மாற்றிய பிறகு, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். இரண்டு கட்டச் சோதனையையும் இயக்கிவிடுங்கள்.

மூன்றாவதாக, வங்கியை அழைத்து நெட் பேங்கிங்கை நிறுத்தச் சொல்லுங்கள். வங்கியின் எண்ணை இண்டர்நெட்டில் தேடாதீர்கள். கார்டின் பின்புறத்திலோ பாஸ் புத்தகத்திலோ இருக்கும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிற்குச் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, போட்டோக்களையும் டாகுமெண்ட்களையும் மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்திடுங்கள். உள்ளே என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகத்துடன் வைத்திருப்பதைவிட இது நல்லது.

இந்தத் தொல்லைகள் எதுவும் வேண்டாம் என்றால் ஒரே ஒரு விதி போதும். நீங்கள் மனிதர்தான் என்று சோதிக்கும் எந்த உண்மையான தளமும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. படத்தைக் கிளிக் செய்யச் சொல்லலாம், கட்டத்தில் டிக் போடச் சொல்லலாம். விண்டோஸ் கீயைத் தொடச் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். போனில் அழைத்து, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, ஆர் கீயை அழுத்துங்கள்" என்று யார் சொன்னாலும் இதே பதில்தான்: போனை வையுங்கள்.

ஆசிரியரின் வங்கிக் கணக்கிற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கடிதத்தை நம்பிப் பழைய மாணவர் ஒருவர் 5,000 ரூபாய் அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்ததும் ஆசிரியர் பஸ் பிடித்து அவர் வீட்டிற்கே போனார். அந்த மாணவர், "சாருக்குன்னு நெனச்சுத்தான் அனுப்பினேன், போகட்டும்" என்று எவ்வளவோ மறுத்தார். "என் பேருக்குத்தானே குடுத்தே? அப்ப நான்தான் திருப்பித் தரணும்" என்று சொல்லி ஆசிரியர் பணத்தை வைத்துவிட்டு வந்தார்.

இப்போது அவர் லேப்டாப்பின் ஓரத்தில் சின்னக் காகிதம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதில் அவருடைய அழகான கையெழுத்தில் இரண்டு வரிகள்: "ரன் = இயக்கு. இயக்குவது யார்? நான்."

என்டர் தட்டும் முன் அதை ஒருமுறை படித்துக்கொள்கிறாராம்.